மான் குறைந்ததா, கண்ணில் படுவது குறைந்ததா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் சிலர், வனத்துறை அனுமதியோடு, மூன்று வருடமாகக் கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான் எண்ணுகிறார்கள். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளில் நீர்ப்பறவைகளையும் எண்ணுகிறார்கள். இந்த வருடம் இரண்டு எண்ணிக்கையும் இறங்கியிருக்கிறது. "குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதலாமா? எத்தனை இடத்தில் எண்ணினால் போதும்? பேசாமல் முழுவதையும் எண்ணிவிட்டால் இந்தப் புள்ளியியலே தேவையில்லையே?" என்று கேட்கிறார்கள்.

கையில் இருக்கும் எண்களை வைத்து "குறைந்துவிட்டது" என்று எழுத முடியாது. நீங்கள் எண்ணியது சரியில்லை என்று நான் சொல்லவில்லை. விடியற்காலையில் போய், தேதி நேரத்தோடு ஒழுங்காகக் குறித்து வைத்திருக்கிறீர்கள். பல இடங்களில் அதுகூட நடப்பதில்லை. ஆனால் எங்கே நின்று எண்ணுவது என்பதை உங்கள் வசதி முடிவு செய்திருக்கிறது. அதைக் களத்துக்குப் போவதற்கு முன்பே சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருக்க வேண்டும். சூத்திரங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். எந்த மென்பொருளும் பின்னால் வந்து அதைச் சரிசெய்து தராது.

உங்கள் குறிப்பின்படி, சரணாலயத்துக்குள் வண்டி போகும் தடத்திலேயே போய், இரு பக்கமும் கண்ணில் படும் மான்களை எண்ணுகிறீர்கள். கோடியக்கரை 1967-ல் வெளிமானுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அதற்குள் திறந்த புல்வெளி இருக்கிறது, அடர்த்தியான உலர் பசுமைமாறாக் காடு இருக்கிறது, சீமைக் கருவேலம் மண்டிய பகுதி இருக்கிறது, மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும் சேற்று நிலமும் இருக்கிறது. வெளிமான் வெட்டவெளியை விரும்பும் பிராணி. வண்டித் தடமும் பெரும்பாலும் மேடான, வெளிச்சமான இடமாகப் பார்த்துத்தான் போகும். ஆக, மானுக்குப் பிடித்த இடமும் உங்களுக்கு வசதியான இடமும் ஒன்றாகிவிடுகிறது. அங்கே கிடைத்த எண்ணிக்கையை வைத்து மொத்தச் சரணாலயத்துக்கும் கணக்குப் போட்டால் உண்மையைவிடக் கூடுதலாக வரும். மாறாக, வண்டிச் சத்தத்துக்கு மான் ஒதுங்கிவிடுகிறது என்றால் குறைவாக வரும். எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று சொல்ல வழியில்லை. அதே தடத்தில் இன்னும் நூறு தடவை போனாலும் இந்தச் சாய்வு கரையாது. மாதிரியின் அளவை, அதாவது எண்ணிப் பார்க்கும் பகுதியை, கூட்டினால் தற்செயல் பிழை குறையும். சாய்வு அப்படியே நிற்கும்.

"எல்லா வருடமும் ஒரே தடம்தானே, ஒன்றோடொன்று ஒப்பிடலாம் அல்லவா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு நிபந்தனையோடு ஒப்பிடலாம்: ஒவ்வொரு வருடமும் இருக்கிற மானில் அதே பங்கு உங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கோடியக்கரையில் அது நிலையாக இருக்காது. சீமைக் கருவேலம் இரண்டு மழைக்குள் தடத்தின் ஓரத்தை மறைத்துவிடும். மான் குறையாமலே எண்ணிக்கை குறையும். வனத்துறை அதை வெட்டி அகற்றினால் திடீரென்று வெளி திறக்கும். மான் கூடாமலே எண்ணிக்கை கூடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். புயலுக்கு முன்னும் பின்னும் ஒரே தடத்தில் எடுத்த இரண்டு எண்களை அருகருகே வைத்தால், அதில் எவ்வளவு மான், எவ்வளவு மரம் என்று யாராலும் பிரிக்க முடியாது.

டெல்டாவில் இருக்கிற உங்களுக்கு இதைப் புரிய வைக்க வெளியே எங்கும் போக வேண்டாம். உங்கள் ஊர் வயலிலேயே பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கிறது. பயிர்க் காப்பீட்டு இழப்பீடு பெரும்பாலும் அதை வைத்துத்தான் முடிவாகிறது. வருவாய் கிராமம் முழுவதையும் அறுத்து எடை போடுவதில்லை. புல எண்ணைச் சமவாய்ப்பு எண்களால், அதாவது சீட்டுக் குலுக்குவதைப் போல எல்லாவற்றுக்கும் சம வாய்ப்புக் கொடுத்து, தேர்ந்தெடுப்பார்கள். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, நீளவாக்கில் இத்தனை அடி எடுத்து வை, அகலவாக்கில் இத்தனை அடி எடுத்து வை என்று அங்கேயும் சமவாய்ப்பு எண்தான் சொல்லும். அது கொண்டு போய் நிறுத்தும் இடத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து, அடித்து, எடை போட வேண்டும். அந்த இடம் பூச்சி தின்ற இடமாக இருந்தாலும் அதுதான், செழித்த இடமாக இருந்தாலும் அதுதான். வந்தவர் தன் கண்ணுக்குப் பட்ட நல்ல இடமாகப் பார்த்துக் கயிறு போட்டால் ஊரே சண்டைக்கு வரும். வர வேண்டியதும்தான். அந்தச் சண்டைக்குப் பின்னால் இருக்கும் நியாயம்தான் சமவாய்ப்பு மாதிரியின் நியாயம். நெல்லுக்கு நாம் விட்டுக்கொடுக்காததை மானுக்கு விட்டுக்கொடுக்கிறோம்.

இந்த முறைக்கு நம் நாட்டிலேயே நல்ல வரலாறு இருக்கிறது. பயிர் நிலையைக் கண்ணால் பார்த்து, பதினாறு அணாவுக்கு இத்தனை அணா விளைச்சல் என்று மதிப்புப் போட்ட காலம் ஒன்று உண்டு. 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி.சி. மகலனோபிஸ் வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்டார். புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே நெல், கோதுமை விளைச்சலைச் சமவாய்ப்பு முறையில் அறுத்து அளக்கும் வழியை 1940-களில் பரப்பினார். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு கருத்து வேறுபாடு இருந்தது, சுற்றுச்சூழல் வேலைக்கு அது நேராகவே பயன்படும். மகலனோபிஸ் சிறு சிறு துண்டுகளாக நிறைய வெட்டுகளை விரும்பினார். துண்டு மிகச் சிறியதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகக் காட்டும் என்று சுகாத்மே எடுத்துக் காட்டினார். எல்லைக் கோட்டில் நிற்கும் பயிரை, அறுக்கிறவர் தன்னை அறியாமல் உள்ளே சேர்த்துக்கொள்வார். துண்டு சிறிதாகச் சிறிதாக அதன் பரப்பில் எல்லையின் பங்கு பெரிதாகிவிடும். நீங்கள் நாளை புல்வெளியில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வைத்துப் புல்லும் பூண்டும் எண்ணும்போது இதே பிழை வரும். அதற்கு ஒரு எளிய விதி உண்டு: சட்டத்தின் வடக்கு, கிழக்குக் கோட்டில் நிற்பதைச் சேர்த்துக்கொள், தெற்கு, மேற்குக் கோட்டில் நிற்பதை விட்டுவிடு. முதலிலேயே இதை எழுதி வைத்துவிட வேண்டும். களத்தில் போய் நின்றுகொண்டு யோசிக்கக் கூடாது.

முழுவதையும் எண்ணிவிடலாமே என்கிற கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் அப்படி எண்ணுவதாக நம்பிய காலம் உண்டு. புலியை. காலடித் தடத்தை அச்செடுத்து, ஒவ்வொரு புலியையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, ஒன்று விடாமல் எண்ணியதாகச் சொன்னார்கள். 2005 வாக்கில் ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட இல்லை என்பது வெளியே வந்தது. அதுவரை ஏட்டில் அங்கே புலிகள் இருந்தன. அதற்குப் பிறகு முறையே மாறியது. தானியங்கிக் கேமரா, மாதிரிப் பரப்பு, கண்ணில் படும் வாய்ப்பைக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் என்று போய், 2006-ம் ஆண்டுக்கான மதிப்பீடு 1,411 என்று வந்தது. அதோடு 1,165 முதல் 1,657 வரை என்ற எல்லையும் சேர்ந்தே வந்தது. எனக்கு அந்த எல்லைதான் முக்கியம். முழு எண்ணிக்கை என்று சொல்லிக்கொள்ளும் எண்ணுக்கு எல்லை கிடையாது; தன் பிழை எவ்வளவு என்று அது சொல்லாது. பிழையைச் சொல்லாத எண்ணை வைத்து அடுத்த வருடம் எதையும் ஒப்பிட முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள். 2001–02 கணக்கு 3,642. அதற்குப் பின் 1,411. இரண்டையும் கழித்து "இத்தனை புலி செத்துவிட்டது" என்று அப்போது பலர் எழுதினார்கள். முறை மாறிய பிறகு கழித்தல் கணக்குப் போட முடியாது. உங்கள் பழைய எண்களுக்கும் புதிய எண்களுக்கும் நடுவில் இதே சிக்கல் வரப்போகிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மானுக்கு என்ன செய்வது? முதலில் வரைபடத்தை எடுத்து சரணாலயத்தை அடுக்குகளாகப் பிரியுங்கள்: புல்வெளி, பசுமைமாறாக் காடு, கருவேலம் மண்டிய இடம், சேற்று நிலம். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் தனித்தனியாகச் சமவாய்ப்பில் இடம் தேர்ந்தெடுங்கள். ஒரே மாதிரியான இடங்கள் ஒரே அடுக்குக்குள் வந்துவிடுவதால் உள்ளே ஏற்ற இறக்கம் குறையும், அதே உழைப்பில் மதிப்பீடு கூர்மையாகும். எந்த அடுக்குக்கு எத்தனை இடம்? பரப்பு பெரியதாகவும் ஏற்ற இறக்கம் அதிகமாகவும் இருக்கும் அடுக்குக்குக் கூடுதலாகக் கொடு என்று புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் 1934-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கோடியக்கரையில் அது புல்வெளியாகத்தான் இருக்கும். ஓர் இடத்தில் முப்பது மான் கூட்டமாக மேயும், அடுத்த இடத்தில் ஒன்றும் இருக்காது. அதற்காகக் காட்டுக்கும் சேற்று நிலத்துக்கும் பூஜ்யம் ஒதுக்கிவிடாதீர்கள். மான் இல்லை என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் போய்ப் பார்த்து "இல்லை" என்று எழுதினால்தான் அது தரவு. போகாமலே இல்லை என்று வைத்துக்கொள்வது தரவு ஆகாது. களக் குறிப்பேடுகளில் நான் அதிகம் பார்க்கும் குறை இந்தப் பூஜ்யம்தான். பார்த்ததை எழுதுகிறார்கள், பார்க்காததை எழுதுவதில்லை.

இந்த இடத்தில் முத்துப்பேட்டை பற்றியும் சொல்ல வேண்டும். உங்களில் இருவர் அடுத்து அலையாத்திக் காட்டில் இறங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே போக்குவரத்து முழுக்கப் படகில். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு எல்லாம் வந்து காயலில் சேரும் இடம். படகு ஓடையில்தான் போகும், மாதிரிச் சட்டமும் ஓடைக் கரையிலேயே விழும். ஓடைக் கரையில் அலையாத்தி நெருக்கமாகவும் உயரமாகவும் நிற்கும். உள்ளே சில நூறு மீட்டர் நடந்தால், தண்ணீர் தேங்கி வற்றி உப்பேறிய வெற்றுத் திட்டுகள் வரும். ஆங்கிலேயர் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டிய கூப்பு வெட்டுக்குப் பிறகு நிலம் வெயிலில் காய்ந்து, தாழ்ந்து, பள்ளமாகிப் போன இடங்கள் அவை. கரையோரச் சட்டங்களை மட்டும் வைத்து அறிக்கை எழுதினால் முத்துப்பேட்டை முழுக்கச் செழித்த காடு என்று வரும். அழிவு எங்கே இருக்கிறதோ அந்த இடமே மாதிரிக்குள் வரவில்லை. அதனால் ஓடையிலிருந்து உள்நோக்கிச் செங்குத்தாகப் போகும் கோடுகளைத் தேர்ந்தெடுங்கள். கோடு தொடங்கும் இடத்தை மட்டும் சமவாய்ப்பில் எடுங்கள். சேற்றில் நடக்க வேண்டிவரும். வேறு வழி இல்லை.

முத்துப்பேட்டையிலேயே இன்னொரு பொறியும் உண்டு. உப்பேறிய திட்டுகளுக்கு அலைநீர் போய் வர, வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலையாத்தி நட்டார்கள். அந்த வேலை பலித்ததா என்று அளக்க ஒருவர் போகிறார் என்று வையுங்கள். ஒரே வாய்க்கால் தொகுதியில் இருபது சட்டம் போடுகிறார், வாய்க்கால் வெட்டாத ஒரே திட்டில் இருபது சட்டம் போடுகிறார், நாற்பது மாதிரி என்று சோதனை போடுகிறார். அவரிடம் இருப்பது நாற்பது அல்ல. ஒரு வாய்க்கால், ஒரு திட்டு. அந்த இரண்டு இடங்களுக்கும் வாய்க்காலைத் தவிர வேறு நூறு வேறுபாடு இருக்கலாம். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-ல் இதைப் பொய்ப் பிரதி என்று பெயரிட்டு எழுதினார், இன்றும் ஆய்வேடுகளில் இந்தத் தவறு தொடர்கிறது. பல வாய்க்கால் தொகுதிகள், பல வெறும் திட்டுகள், ஒவ்வொன்றிலும் சில சட்டங்கள் போதும்.

அடுத்து, கண்ணில் படும் வாய்ப்பு. இதுதான் உங்கள் மான் கணக்கின் உயிர்நாடி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சமவாய்ப்பில் தேர்ந்தெடுத்த நேர்கோட்டில் நடந்து போகிறீர்கள். கோட்டின் மேலேயே நிற்கும் மானை விட்டுவிட மாட்டீர்கள். 50 மீட்டரில் நிற்பதில் பெரும்பாலானவை தெரியும். 300 மீட்டரில் சிலதான் தெரியும். அதனால் ஒவ்வொரு கூட்டத்தைப் பார்க்கும்போதும், கோட்டிலிருந்து அது எவ்வளவு செங்குத்துத் தூரத்தில் நின்றது என்பதைத் தூரமானியாலும் திசைகாட்டியாலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தூரம் கூடக் கூட எண்ணிக்கை எப்படிச் சரிகிறது என்பதிலிருந்தே, எத்தனை பங்கு தவறிப்போனது என்று கணக்கிட முடியும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: கோடுகளின் மொத்த நீளம் 20 கிலோமீட்டர், பார்த்தது 60 கூட்டம், தூரங்களை வைத்துப் பார்க்கும்போது பயனுள்ள அகலம், அதாவது எதையும் தவறவிடாமல் பார்த்ததற்குச் சமமான அகலம், ஒரு பக்கத்துக்கு 150 மீட்டர் என்று வருகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து 0.3 கிலோமீட்டர், 20-ஐ 0.3-ஆல் பெருக்க 6 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு 10 கூட்டம். கூட்டத்துக்குச் சராசரி 4 மான் என்றால் 40 மான். கருவேலம் வளர்ந்து பார்வை மறைந்தால் பயனுள்ள அகலம் 150-லிருந்து 90-க்கு இறங்கும், கணக்கு தானாகவே அதை ஈடுகட்டும். வண்டித் தட எண்ணிக்கையால் செய்ய முடியாதது இதுதான்.

இதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. மான் உங்களைப் பார்த்து ஓடிய பிறகு அளக்கக் கூடாது. முதலில் எங்கே நின்றதோ அந்த இடம் வரைதான் தூரம். பெரிய கூட்டம் தூரத்திலும் தெரியும், ஒற்றை ஆண் மான் தெரியாது. இதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். சரிவுக் கோட்டை நம்பும்படி வரைய 60 முதல் 80 கூட்டங்களாவது பார்த்திருக்க வேண்டும். கோடுகள் பத்துக்குக் குறையாமல், முடிந்தால் இருபது இருந்தால் நல்லது. ஒரே ஒரு நீளமான கோடு போட்டுவிட்டு அதை 20 கிலோமீட்டர் நடந்தால் பிழையின் அளவே கிடைக்காது.

எத்தனை இடம் போதும் என்ற கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது. அது சரணாலயம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்ததல்ல. பத்து சதவீதப் பரப்பைப் பார்த்தால் போதும் என்று சொல்கிறவர்கள் அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை. இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொறுத்தது. திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதன் அளவு) சராசரி அளவுக்கே இருக்கிறது, மதிப்பீடு 20 சதவீதம் முன்பின் இருந்தால் போதும், 95 சதவீத நம்பிக்கை வேண்டும் என்றால், 1.96-ஐ 0.2-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: 96 இடம். 10 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் 384. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைப்பு. ஆனால் நல்ல அடுக்குப் பிரிப்பால் அந்த விலக்கத்தைச் சராசரியில் பாதியாக்கிவிட்டால் 20 சதவீதத் துல்லியத்துக்கு 24 இடமே போதும். ஒரு மாதம் கூடுதலாக அலைவதைவிட, வரைபடத்தின் முன் உட்கார்ந்து ஒரு நாள் யோசிப்பது அதிகம் தரும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். உங்கள் மூன்று வருடத் தரவு இங்கேதான் கைகொடுக்கும்: ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று அதிலிருந்து உத்தேசமாகத் தெரிந்துகொள்ளலாம்.

சமவாய்ப்பு என்றால் புள்ளிகள் ஒரு மூலையில் குவியலாம். அதைத் தவிர்க்க, பரப்பெங்கும் சமமாகப் பரவும்படி சமவாய்ப்பில் எடுக்கும் முறையை டான் ஸ்டீவன்ஸும் ஆண்டனி ஓல்சனும் 2004-ல் தந்தார்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இலவசமாகவே செய்யலாம். அது புள்ளிகளை வரிசை எண்ணோடு கொடுக்கும். ஏழாவது புள்ளி கருவேல முள்ளுக்குள் விழுந்து போகவே முடியவில்லை என்றால், பட்டியலில் மிச்சமாக வைத்திருக்கும் அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். பக்கத்தில் வசதியாக இருக்கும் இடத்துக்கு நகர்ந்துகொள்ளக் கூடாது. போக முடியாத புள்ளியையும் ஏன் போகவில்லை என்ற காரணத்தோடு எழுதி வையுங்கள்.

ஏரிப் பறவைகள் வேறு கதை. வடுவூர் 112 ஹெக்டேருக்குச் சற்று அதிகம், உதயமார்த்தாண்டபுரம் 44 ஹெக்டேர்கூட இல்லை. இரண்டுமே 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. இந்த அளவு ஏரியை நல்ல தொலைநோக்கியோடு கரையிலிருந்து கிட்டத்தட்ட முழுமையாகவே பார்த்துவிடலாம். சிக்கல் ஏரிக்குள் இல்லை, ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. இவை காவிரித் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் நிரப்பும் பாசன ஏரிகள். தண்ணீர் ஆழமாக நின்றால் உள்ளான்களும் அரிவாள் மூக்கன்களும் நிற்க இடமில்லாமல் பக்கத்து வயலுக்கும் சின்னக் குளங்களுக்கும் போய்விடும். வற்றினால் ஊசிவால் வாத்தும் கிளுவையும் வேறு ஏரி தேடும். நீங்கள் சரணாலய ஏரியை மட்டும் எண்ணுகிறீர்கள். பறவை பத்து கிலோமீட்டர் நகர்ந்ததை நீங்கள் பறவை குறைந்ததாக எழுதிவிடுவீர்கள். ஆகவே சரணாலயம் அல்லாத ஏரிகளையும் பட்டியல் போட்டு, அதிலிருந்து சமவாய்ப்பில் சிலவற்றை எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாள் காலையில் எண்ணுங்கள். இல்லாவிட்டால் நேற்று வடுவூரில் எண்ணிய அதே நத்தைக்குத்தி நாரையை இன்று உதயமார்த்தாண்டபுரத்தில் எண்ணுவீர்கள். நீர்மட்டத்தை ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதுங்கள். அந்த ஒரு பதிவு இல்லாமல் உங்கள் பறவைத் தரவுக்கு அர்த்தம் சொல்லவே முடியாது. 1987-லிருந்து ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்போடு உங்கள் நாளைப் பொருத்திக்கொண்டால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

கூடுகளுக்கு ஓர் அழகான வழி இருக்கிறது. கூடு நகராது. இருவர் ஒருவரிடம் ஒருவர் பேசாமல், தனித்தனியாக வரைபடத்தில் கூடுகளைக் குறியுங்கள். ஒருவர் 80 கூடு பார்த்தார், மற்றவர் 75, இருவருமே பார்த்தது 60 என்று வையுங்கள். 80-ஐ 75-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 100. இருவரும் சேர்ந்து பார்த்தது 95. இன்னும் ஐந்து இருவர் கண்ணிலும் படவில்லை. காலில் வளையம் மாட்டிப் பறவைகளை எண்ணும் முறையின் அடிப்படைக் கணக்கும் இதுதான். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாக வளையம் மாட்டி வருகிறது. மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படித்தவர்கள் யாராவது கிடைத்தால் ஒரு நாள் உங்களோடு அழைத்துப் போங்கள். களத்தில் நின்று சொல்லிக் கொடுப்பது எழுத்தில் வராது.

இனி, "குறைந்துவிட்டது" என்ற சொல். நல்ல ஏற்பாட்டோடு எண்ணி, ஒவ்வொரு வருட மதிப்பீட்டின் திட்டப் பிழையும் (மதிப்பீடு தற்செயலாக எவ்வளவு முன்பின் ஆகும் என்பதன் அளவு) 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்; களத்தில் இது மோசமான எண் அல்ல. இரண்டு வருடங்களை மட்டும் ஒப்பிட்டு 95 சதவீத நம்பிக்கையோடு குறைவு என்று சொல்ல, எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாக வேண்டும். அப்போதும் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். வருடத்துக்கு 5 சதவீதம் என்று மெதுவாகச் சரிந்தால் பத்து வருடத்தில் 40 சதவீதம் போய்விடும், ஆனால் எந்த இரண்டு வருடத்தை எடுத்தாலும் அடுத்தடுத்த எண்களில் அது தெரியாது. நீண்ட தொடரில்தான் தெரியும். இங்கே எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. 95 சதவீதம் என்பது பொய் அபாய மணி அடிக்காமல் இருக்க வைத்த கட்டுப்பாடு. பாதுகாக்கப்பட்ட நிலத்தில், அடிக்க வேண்டிய மணி அடிக்காமல் போவதுதான் பெரிய இழப்பு. தேவையில்லாமல் ஒரு வருடம் கூடுதல் காவல் போட்டால் கொஞ்சம் பணம் போகும். வெளிமான் போனால் திரும்ப வராது. அதனால் 90, ஏன் 80 சதவீத நம்பிக்கையிலேயே எச்சரிக்கை எழுப்பலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். தரவைப் பார்த்த பிறகு அந்த எல்லையை மாற்றக் கூடாது.

கஜா போன்ற ஒன்றின் விளைவை அளக்க, முன்–பின் மட்டும் போதாது, பாதிக்கப்படாத ஓர் இடமும் வேண்டும். முத்துப்பேட்டைக்குப் பிச்சாவரம் அலையாத்திக் காடு ஓரளவு அப்படிப் பயன்படும். இரண்டு இடத்திலும் ஒரே முறையில், புயல் வருவதற்கு முன்பே தரவு இருக்க வேண்டும். எப்போது புயல் வரும் என்று தெரியாது என்பதால்தான் நிலையான கண்காணிப்பு. மாதிரி இடங்களில் ஒரு பகுதியை நிரந்தரமாக வைத்து ஒவ்வொரு வருடமும் அங்கேயே போங்கள், அது மாற்றத்தைக் காட்டும். மீதியைச் சுழற்சியில் மாற்றுங்கள், அது பரப்பைக் காட்டும். பாதிக்குப் பாதி என்று தொடங்கினால் போதும்.

பழைய மூன்று வருடத் தரவைத் தூக்கிப் போடாதீர்கள். வரும் இரண்டு மூன்று குளிர்காலத்துக்குப் புதிய கோடுகளையும் நடங்கள், அதே வாரத்தில் பழைய வண்டித் தடத்திலும் பழையபடியே போய் எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம் வருடத்துக்கு வருடம் நிலையாக இருந்தால், பழைய எண்களை அந்த விகிதத்தால் எச்சரிக்கையோடு படிக்கலாம். நிலையாக இல்லையென்றால் தட எண்ணிக்கையை நம்ப முடியாது என்பது அப்போது ஊகமாக இல்லாமல், அளந்த விஷயமாகவே கையில் இருக்கும். இந்த வருட அறிக்கையில், "வண்டித் தடத்தில் கண்ணில் பட்ட வெளிமான் எண்ணிக்கை சென்ற இரு ஆண்டுகளைவிடக் குறைவு, தடத்தின் ஓரத்துத் தாவர மறைப்பு அளக்கப்படவில்லை, ஏரிகளின் நீர்மட்டம் பதிவு செய்யப்படவில்லை, ஆகவே மொத்த எண்ணிக்கை பற்றி முடிவு சொல்லவில்லை" என்று எழுதுங்கள். அதன் கீழே நாள், நேரம், தடத்தின் நீளம், எண்ணியவர் எத்தனை பேர், வானிலை எல்லாவற்றையும் அட்டவணையாகப் போடுங்கள்.